கடலுக்கும் ஒரு காலண்டர் உண்டு!



"ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து வாருங்கள்! கடலுக்கு அடியில் நீந்தி மகிழுங்கள்!" தி.நகர் பக்கம் போனால் டிராவல்ஸ் ஆபீஸ் கண்ணாடிக் கதவுகளில் இந்த மாதிரி விளம்பரங்களைப் பார்க்கலாம். நீலத் தண்ணீர், வண்ண வண்ண மீன்கள், பவளப்பாறை, முதுகில் சிலிண்டரோடு ஒரு மனிதர். நம் வகுப்பிலும் ஆளாளுக்கு செல்போனில் இதே படம்தான். "வாழ்க்கையில ஒரு தடவையாவது போகணும்டா மச்சி" என்று ஒரு பெருமூச்சு வேறு! போகட்டும், கனவு காணக் காசா கேட்கிறார்கள்? ஆனால் எனக்கு ஒரே ஒரு கேள்வி உண்டு. அந்தப் படத்தில் இருப்பது எந்த மாதத்துக் கடல்?

இதைக் கேட்க நீ யார் என்று கேட்பீர்கள். நான் அடையாறு ஊரூர் குப்பத்துப் பையன். தாத்தா கட்டுமரம் ஓட்டினார். நைனா ஃபைபர் படகு ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்கள் வீட்டில் கடலைப் பற்றி யாரும் "அழகு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். நேற்று இருந்த கடல் இன்று இருக்காது. தை மாதக் கடல் கார்த்திகையில் இருக்காது. கடலுக்குள் போக நினைப்பவர் ஊரையும் டிக்கெட்டையும் பார்ப்பதற்கு முன்னால் மாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆஸ்திரேலியாவில் எப்போது?

முதலில் ஆசைப்பட்ட ஊரையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் சுமார் 2300 கிலோமீட்டர் நீளத்துக்கு கிரேட் பாரியர் ரீஃப் என்ற பவளத்திட்டு இருக்கிறது. 1981-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள நாடு. நமக்கு மார்கழிக் குளிர் என்றால் அவர்களுக்கு நல்ல கோடை. அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ் லீவு என்று நம் ஊர்க்காரர்கள் மூட்டை கட்டும் டிசம்பர், ஜனவரியில் அங்கே மழையும் புயலும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அவர்களுக்குப் புயல் காலம். நவம்பர் முதல் மே வரை கரையோரத்தில் விஷ ஜெல்லி மீன்கள் வரும் காலமும் கூட. உடம்பு முழுக்க மூடும் மெல்லிய உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட பருவம். தண்ணீர் சற்றுக் குளிர்ந்து, தெளிந்து இருக்கும். ஜூன், ஜூலையில் குட்டை மின்கி திமிங்கிலங்கள் வரும். ஒரே நேரத்தில் எல்லாப் பவளங்களும் முட்டை விடும் அதிசயத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பௌர்ணமி கழிந்த சில இரவுகளுக்குக் காத்திருக்க வேண்டும். மேற்குக் கரையில் நிங்கலூ என்ற இடத்தில் திமிங்கிலச் சுறாவைப் பார்க்க மார்ச் முதல் ஜூலை வரை. ஆக, நாடு ஒன்றுதான். எதைப் பார்க்க விரும்புகிறோமோ அதற்கு ஒரு மாதம், அதற்கு ஒரு கரை!

2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைத் தண்ணீரில் மிதக்க விட்டது. அதே மாதம் 13-ஆம் தேதி ஜாஸ்பர் என்ற புயல் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையைத் தாக்கியது. பவளத்திட்டுக்குப் போகிறவர்கள் இறங்கும் கெய்ன்ஸ் விமான நிலையமே வெள்ளத்தில் மூடப்பட்டது. நம் மழைக்குப் பயந்து அங்கே ஓடினாலும் டிசம்பர் டிசம்பர்தான்!

ஒரு விஷயத்தில் அந்த நாட்டைப் பாராட்ட வேண்டும். மேற்குக் கரையில் ப்ரூம் என்ற முத்துக்குளிக்கும் ஊர் இருக்கிறது. அங்கே வாழும் பூர்வகுடிகளான யாவுரு மக்கள் வருடத்தை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். காற்று எப்போது திரும்பும், எந்த மீன் எப்போது கொழுக்கும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. இப்படிப்பட்ட பூர்வகுடிப் பருவக் கணக்குகளை ஆஸ்திரேலிய வானிலைத் துறையே தொகுத்து வெளியிட்டிருக்கிறது. படிக்காதவன் சொன்னது என்று தள்ளவில்லை!

ஆறு பருவம் நமக்குப் புதிதா? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே! இரண்டு மார்க்குக்காகப் படித்தோம், மறந்தோம். குப்பத்தில் இன்றும் அந்தக் கணக்கில்தான் பிழைப்பு ஓடுகிறது.

தண்ணீருக்குள் நம் பாடப்புத்தகம்

"பருவம் தப்பினால் என்ன? தண்ணீர் கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு நம் பாடத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 20 மீட்டரில் மொத்தம் 3 மடங்கு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் மேலே கணக்குக்கு 2400 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஆளுக்குக் கரையில் 2 மணி நேரம் வரும். அதே ஆளுக்கு 20 மீட்டர் ஆழத்தில் 40 நிமிடம்தான். பாயில் விதி! இப்போது எதிர் நீரோட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கை கால் உதைக்க உதைக்க மூச்சு இரண்டு மடங்கு வாங்கும். 40 நிமிடம் 20 ஆகிவிடும். அதிலும் ரிசர்வ் காற்றோடு மேலே வர வேண்டும். அவசரமாக ஏறவும் முடியாது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித் தரும் பாடம். இல்லாவிட்டால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சோடா மூடியைத் திறந்த மாதிரி குமிழியிடும். ஆகவே பருவம் என்பது நம் சிலிண்டரில் உள்ள நிமிடங்களைக் கூட்டிக் குறைக்கும் சமாசாரம்.

வெளிநாடு போகிறவர்கள் இன்னொன்றும் கணக்கில் வைக்க வேண்டும். பல முறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். கடைசி நாள் கடலுக்கு லீவு விட வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ரயிலில் வருகிற நமக்கு அந்தக் கவலை இல்லை!

நம் கடலின் மாதங்கள்

இனி நம் கடலுக்கு வருவோம். ஐப்பசி பிறந்தால் வாடைக் காற்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி இழுக்கும். அடையாறும் கூவமும் ஊர்ச் சேற்றையெல்லாம் கொண்டுவந்து கடலில் கொட்டும். கல்லூரியில் கடலடிச் சுற்றுலா பேச்சு வந்ததும் நைனாவிடம் சொன்னேன். சிரித்தார். "டேய், வாடையில கடலு கலங்கிக் கெடக்கும். தண்ணிக்குள்ள உன் கையே உனக்குத் தெரியாது. அப்போ போயி இன்னாத்தப் பாக்கப் போறே?" என்றார். ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மாசி, பங்குனியில், அதாவது பின்பனியில், கடல் அடங்கும். நீரோட்டம் வடக்கே திரும்பும். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலமும் ஜனவரி முதல் மார்ச் வரைதான். 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருவது மாணவர் அமைப்பு ஒன்று என்பது நமக்கெல்லாம் பெருமை. 2021 பிப்ரவரியில் நீலாங்கரைக் கடலில் சுமார் 60 அடி ஆழத்தில் ஒரு கல்யாணமே நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் கடல் அமைதியாகும் வரை காத்திருந்துதான் இறங்கினார்கள். முகூர்த்தமே கடலைக் கேட்டுத்தான்!

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கபாலீஸ்வரர் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வது மாசி மகத்தில். சம்பந்தரின் மயிலைப் பதிகத்திலேயே மாசிக் கடலாட்டு பேசப்படுகிறது. சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன்னால்! கடலாட்டை ஐப்பசி மழையில் வைக்காமல் மாசிப் பௌர்ணமியில் வைத்தார்களே. ஆன்மிகக் காரணம் பெரியவர்கள் சொல்லட்டும். அந்த மாதத்தில் அலை அடங்கியிருக்கும் என்பதைக் குப்பத்துக் குழந்தையும் சொல்லும்.

சித்திரை, வைகாசியில் தெற்குக் காற்று. கத்திரி வெயிலில் ஊர் வேகும்போது கடலில் கால் வைத்தால் சில நாள் சில்லென்று இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? தெற்கிலிருந்து கரையை ஒட்டி வீசும் காற்று, பூமி சுழலும் காரணத்தால் மேல்தண்ணீரைக் கிழக்கே தள்ளிவிடும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனம் பெருகட்டும் என்று அரசு வைத்த ஓய்வு. ஆனி, ஆடியில் விடியலில் மேல்காற்று, மதியத்துக்கு மேல் கடல்காற்று. காலையில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்புவதே புத்திசாலித்தனம்.

ராமேஸ்வரம் தீவுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. தீவுக்கு வடக்கே பாக் நீரிணைப்பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் வடக்குப் பக்கம் கொந்தளிக்கும், தெற்குப் பக்கம் பரவாயில்லை. ஜூனில் கச்சான் காற்று பிடித்தால் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் அடங்கும். மீனவர்கள் பருவத்துக்குத் தகுந்தபடி படகையே கரை மாற்றிக் கட்டுகிறார்கள். ஒரே ஊரில் இரண்டு காலண்டர்! மன்னார் வளைகுடாவில் 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஏற்பட்டது. நம் பவளப்பாறைகள் அங்கேதான் இருக்கின்றன. ஆஸ்திரேலியப் பவளம் போலவே இதுவும் கடல் சூடேறி 2010, 2016, 2024 ஆண்டுகளில் வெளுத்தது. பார்க்க வேண்டும் என்றால் இருக்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்தவனுக்குத்தான் காப்பாற்றத் தோன்றும்.

தூத்துக்குடி முத்துக்குளிப்பும் இப்படித்தான். சிலிண்டர் கிடையாது, கண்ணாடி கிடையாது. காலில் கல்லைக் கட்டி ஒரே மூச்சில் இறங்கியவர்கள். அவர்கள் குளித்தது மார்ச் முதல் மே வரையிலான அமைதிப் பருவத்தில். 1961-க்குப் பிறகு அந்தக் குளிப்பு நடக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ப்ரூம் ஊரிலும் புயல் மாதங்களில் முத்துப் படகுகளைக் கரையேற்றிக் கட்டிவிடுவார்கள். பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களே பருவத்துக்கு அடங்கினார்கள் என்றால், பொழுதுபோக்குக்குப் போகிற நாம் எம்மாத்திரம்?

கடல் நம் டைம்டேபிளைப் பார்க்காது

இனி நம் வீட்டு விஷயம். மாணவர் பேரவைக் கூட்டத்தில் கடலடிச் சுற்றுலா ஒன்று வேண்டும் என்று கோரிக்கை வந்தது. நல்ல கோரிக்கை, வரவேற்கிறேன். ஆனால் "நவம்பர்ல எக்ஸாம் முடிஞ்ச உடனே கிளம்பலாம்" என்று சொன்னவுடன் கைதட்டல் விழுந்ததே, அங்கேதான் எனக்குத் திக்கென்றது. நவம்பர் நம் கரையில் உச்ச மழைக்காலம். நம் விடுமுறை எப்போதோ அப்போது கடலும் ரெடியாக இருக்கும் என்று நினைப்பது ஆழம் தெரியாமல் காலை விடுகிற கதை.

எலியட்ஸ் பீச்சில் வெள்ளை வளைவு ஒன்று நிற்கிறது. அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்காத மாணவர் உண்டா? அது ஷ்மிட் நினைவுச்சின்னம். மூழ்கியவர்களைக் காப்பாற்றக் கடலில் பாய்ந்து உயிர் விட்ட ஓர் ஐரோப்பிய மாலுமிக்காகக் கட்டியது. அவர் இறந்த நாள் என்ன தெரியுமா? 1930 டிசம்பர் 30. வாடை மாதம்! கடலோடு பழகிய மாலுமிக்கே அந்தக் கதி.

வாடைக் காலத்தை மட்டும் தவிர்த்தால் போதுமா? போதாது. 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். நம் வயதுதான், சில வருடம் மூத்தவர்கள். அன்று அங்கே புயலும் இல்லை, மழையும் இல்லை. கேரள மீனவர்கள் "கள்ளக்கடல்" என்று சொல்லும் அலை அது. ஆயிரக்கணக்கான மைல் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயலின் அலை, திருடன் மாதிரி சத்தமில்லாமல் நம் கரைக்கு வந்து சேரும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் போய்ச் சேர வேண்டியவர்களிடம் சேரவில்லை. டாக்டராக வேண்டிய பிள்ளைகள்! அவர்கள் வீட்டிலும் யாராவது முதல் பட்டதாரி இருந்திருக்கலாமே. நெஞ்சு பதறுகிறது.

தெரிந்தவரிடம் சான்றிதழ் இல்லை

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். என் சித்தப்பா மூச்சடக்கி மூழ்குவதில் கெட்டிக்காரர். அடியில் பாறையில் மாட்டிய வலையை எடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். கரையில் யாராவது அலையில் அடித்துப் போனாலும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தட்டியவர்கள் கூலி பேசுவதில்லை, அவரும் கேட்பதில்லை. முறையான பயிற்சி இல்லாமலே ஆழத்தில் இறங்கி இறங்கி ஒரு காது மந்தமாகிவிட்டது. இப்படிப்பட்டவர் ஒரு டைவிங் கம்பெனியில் வேலை கேட்டார். பெயர் வேண்டாம். "சர்டிபிகேட் இருக்கா?" என்றார்கள். இல்லை. சிலிண்டர் தூக்கும் வேலை கொடுத்தார்கள்.

கம்பெனியைக் குறை சொல்லி என்ன பயன்? சான்றிதழ் அவசியம்தான். காற்று அழுத்தக் கணக்கு தெரியாமல் அடுத்தவர் உயிரைக் கையில் எடுக்க முடியாது. ஆனால் கடலைத் தெரிந்தவருக்குச் சான்றிதழ் படிப்பு எட்டாத விலையில் இருக்கிறது. அதைப் படிக்க வசதி உள்ள பலருக்கு நம் கடலின் மாதம் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர வேண்டாமா? சேர்ந்தால் அது வேலைவாய்ப்பு இல்லையா? பள்ளிக்கரணையில் 1993 முதல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகிறது. மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப 'மத்ஸ்யா 6000' என்ற வாகனத்தை உருவாக்கி வருகிறது. துறைமுகம், பாலம், எண்ணெய்க் குழாய் என்று எத்தனையோ இடத்தில் தண்ணீருக்கடியில் வெல்டிங், சோதனை வேலை இருக்கிறது. வெல்டிங் நமக்குத் தெரியும். மூழ்குவது எங்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு பயிற்சிதான் பாக்கி!

பேரவைக்கு என் கோரிக்கைகள்

ஒன்று: கடலடிச் சுற்றுலாவை நவம்பரிலிருந்து மாசிக்கு, அதாவது பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரத்துக்கு மாற்றுங்கள். "அட்டெண்டன்ஸ் போகுமே" என்பார்கள். அழுத்தம், மிதவை, ரெகுலேட்டர் எல்லாம் நம் பாடம்தானே? இண்டஸ்ட்ரியல் விசிட்டாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி முதல்வர் அவர்களைக் கேட்போம்.

இரண்டு: தேதியை முடிவு செய்யும் கூட்டத்துக்கு அந்தந்த ஊர் மீனவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாளும், அன்று காலையும் இன்காய்ஸ் அறிவிப்பைப் பாருங்கள். இரண்டில் ஒன்று "வேண்டாம்" என்றாலும் கரையிலேயே நின்று சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அதில் அவமானம் எதுவும் கிடையாது.

மூன்று: அதற்குள் நம்மில் பாதிப் பேருக்கு நீச்சல் கற்றுத் தர ஏற்பாடு செய்யுங்கள். சளி, காது வலி உள்ளவர்கள் இறங்காமல் இருக்க மருத்துவப் பரிசோதனையும் வையுங்கள். பயிற்சியாளர் துணையில்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது.

நான்கு: மீனவக் குடும்பத்து இளைஞர்களுக்கு அரசு உதவித்தொகையுடன் தொழில்முறை டைவர் பயிற்சி வேண்டும் என்று நம் பேரவை தீர்மானம் போட்டு அனுப்பட்டும். அதில் ஒரு பாடம் மட்டும் எங்கள் பெரியவர்கள் எடுக்கட்டும். காற்றும் நீரோட்டமும் பற்றிய பாடம். ஆஸ்திரேலியாவில் முடிந்தது இங்கே முடியாதா?

நண்பர்களே, ஆஸ்திரேலியா போகும் வசதி வரும்போது கட்டாயம் போங்கள். டிசம்பரில் போகாதீர்கள், ஜூனுக்கு மேல் போங்கள். எங்களுக்கும் ஒரு போட்டோ அனுப்புங்கள். அதற்கு முன்னால் நம் கடலில் ஒரு முறை மாசி மாதத்தில் தலையை நனைத்துவிட்டுப் போங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள் உழவர்கள். காற்று அடங்கியபோது மூழ்கிக்கொள் என்கிறோம் நாங்கள்!



(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)